மேலே தேடுங்கள், கீழே கேளுங்கள்: விகிதமுறு சார்பின் பூச்சியங்களைக் கண்டுபிடிக்கும் வழி

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்தில் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, மலையாளத்தில் பாடம் நடக்கும் பிளஸ் ஒன் வகுப்பில் சேரும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு நோட்டோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கணக்கில் கெட்டிக்காரர்கள். காரணிப்படுத்தச் சொன்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுவார்கள். ஆனால் அதே கணக்கு வேறு மொழியில், வேறு பெயரில் வந்து நின்றால் கை நின்றுவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் நின்றது. பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பின்னத்தை எழுதிவிட்டு, "சேதம் பூஜ்யம் ஆகான் பாடில்ல" என்று மலையாளத்தில் சொன்னார். எதற்குச் சேதம், யாரால் சேதம் என்று விளங்காமல் அந்த வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் சித்தூர்த் தோழி ஒருத்தி நோட்டை வாங்கி, பின்னக் கோட்டுக்குக் கீழே விரலை வைத்து, "இதுதான் சேதம். நீங்கள் பகுதி என்று சொல்வது. அது பூச்சியம் ஆகக் கூடாது என்றார்" என்றாள். ஒரு சொல்தான் குறுக்கே நின்றிருந்தது. அது விலகியதும் மீதி எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்காகவே இருந்தது.

ஆகவே முதலில் சொற்கள். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி; மலையாள வகுப்பில் அம்சம். கீழே இருப்பது பகுதி, அங்கே சேதம். நம்முடைய பூச்சியம் அங்கே பூஜ்யம். பல்லுறுப்புக் கோவை அங்கே பஹுபதம். ஒரு பல்லுறுப்புக் கோவையை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்து எழுதினால் கிடைப்பது விகிதமுறு சார்பு. ஆங்கிலத்தில் ரேஷனல் ஃபங்ஷன். கீழே இருக்கும் கோவை வெறும் பூச்சியமாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அந்தச் சார்பின் மதிப்பு எந்த எண்ணைப் போட்டால் பூச்சியமாகிறதோ, அந்த எண்தான் அந்தச் சார்பின் பூச்சியம். வரைபடத்தில் பார்த்தால் வளைகோடு கிடை அச்சைத் தொடும் இடம்.

பள்ளி நோட்டில் எக்ஸ் என்று எழுதும் இடத்தில் நான் ய என்று எழுதுகிறேன். சார்பை ச(ய) என்று குறிக்கிறேன்.

பின்னம் எப்போது பூச்சியமாகும்?

இளநீரை வைத்துப் பாருங்கள். 12 இளநீரை 4 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3. குலையில் ஒன்றுமே இல்லை, ஆனால் 4 பேர் காத்திருக்கிறார்கள் என்றால் ஆளுக்குப் பூச்சியம். ஏமாற்றம்தான், ஆனாலும் அது தெளிவான விடை. இப்போது 12 இளநீர் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஒருவருமே இல்லை. ஆளுக்கு எத்தனை? கேள்விக்கே பொருள் இல்லை. வகுத்தலைப் பெருக்கலாகத் திருப்பிப் பார்த்தாலும் இதுதான் தெரியும்: எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் 12 வரும்? அப்படி ஓர் எண் கிடையாது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கும்போது நிலைமை வேறு விதமாகக் கெடுகிறது. எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தானே வரும்? எல்லா எண்ணும் விடையாகப் பொருந்துவதால் எதையும் விடை என்று சொல்ல முடியாது.

பெரியவர்களே தடுமாறிய இடம் இது. 628-இல் பிரம்மகுப்தர் பூச்சியத்துக்கு விதிகள் வகுத்தபோது, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், பூச்சியத்தைப் பகுதியாகக் கொண்ட எண்ணுக்கு கஹரம் என்று பெயரிட்டு அதை முடிவிலியாகக் கருதினார். இன்றைய இயற்கணிதத்தில் இரண்டும் ஏற்கப்படுவதில்லை. பகுதி பூச்சியமாகும் இடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை என்று நிறுத்திக்கொள்கிறோம்.

எனவே பூச்சியம் கிடைக்க இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மேலே பூச்சியமாக வேண்டும்; கீழே பூச்சியமாகக் கூடாது. தேடுவது மேலே, அனுமதி கேட்பது கீழே. இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுதான்.

செய்யும் முறை

இந்தச் சார்பை எடுத்துக்கொள்வோம்:

ச(ய) = (ய² − 5ய + 6) / (ய² − 9)

முதல் வேலை கீழே. பகுதியைக் காரணிப்படுத்தி, அதைப் பூச்சியமாக்கும் எண்களை நோட்டின் ஓரத்தில் எழுதிக் கட்டம் போடுங்கள். ய² − 9 = (ய − 3)(ய + 3). ஆகவே கட்டத்துக்குள் 3, −3. இவை விலக்கப்பட்ட மதிப்புகள். மேலே என்ன நடந்தாலும் இந்த இரண்டு எண்களுக்கும் இந்தச் சார்பில் இடம் இல்லை. இந்தக் கட்டத்தைப் போடாமல் அடுத்த வரிக்குப் போக என் திண்ணையில் யாரையும் விடுவதில்லை. ஏன் என்பது சற்றுக் கீழே தெரியும்.

இரண்டாவது, மேலே. தொகுதியைக் காரணிப்படுத்துங்கள். பெருக்கினால் 6, கூட்டினால் −5 தரும் எண்கள் −2, −3. எனவே ய² − 5ய + 6 = (ய − 2)(ய − 3).

மூன்றாவது, ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே பூச்சியத்துக்குச் சமப்படுத்துங்கள். ய = 2, ய = 3. இவை இன்னும் பூச்சியங்கள் ஆகவில்லை, வேட்பாளர்கள்தான். 

நான்காவது, கட்டத்தைப் பாருங்கள். 3 கட்டத்துக்குள் இருக்கிறது, அதை நீக்குங்கள். 2 இல்லை, அது நிற்கும்.

ஐந்தாவது, போட்டுப் பாருங்கள். ய = 2 எனில் மேலே 4 − 10 + 6 = 0, கீழே 4 − 9 = −5. பூச்சியத்தை −5 ஆல் வகுத்தால் பூச்சியம். ஆக, இந்தச் சார்புக்கு ஒரே பூச்சியம்: 2.

நீக்கிய 3 என்ன ஆனது? அங்கே வரைபடத்தில் ஒரு துளை இருக்கிறது. ய = 3 தவிர்ந்த மற்ற இடங்களில் (ய − 3) என்ற காரணியை மேலும் கீழும் அடித்துவிட்டு (ய − 2) / (ய + 3) என்று எழுதலாம். 2.9 ஐப் போட்டால் ஏறத்தாழ 0.153 வருகிறது, 3.1 ஐப் போட்டால் 0.180. நடுவில் 1/6, அதாவது 0.1667 ஐ நோக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் வளைகோடு நெருங்குகிறது. ஆனால் சரியாக 3 இல் கால் வைக்க இடம் இல்லை. பிளஸ் ஒன் புத்தகத்தில் பின்னால் ஒரு பாடம் இந்த நெருக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. தமிழில் அதன் பெயர் எல்லை. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் தினம் எல்லையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அடித்துவிடுவதால் வரும் கேடு

போன வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த நோட்டில் இருந்த கணக்கு:

ச(ய) = (ய − 3)² / (ய² − 9)

அழகான கையெழுத்து. கீழே (ய − 3)(ய + 3) என்று பிரித்து, மேலே ஒரு (ய − 3), கீழே ஒரு (ய − 3) இரண்டின் மீதும் நீல மையில் சாய்கோடு இழுத்து, மிச்சத்தை (ய − 3) / (ய + 3) என்று எழுதியிருந்தாள். மேலே மிஞ்சியது ய − 3, ஆகவே பூச்சியம் 3 என்று அடிக்கோடிட்டு முடித்திருந்தாள். "மூன்றை முதல் வரியில் போட்டுப் பார், கண்ணு" என்றேன். போட்டாள். மேலே பூச்சியம், கீழேயும் பூச்சியம். பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, இதற்குப் பூச்சியமே இல்லையா?" என்று கேட்டாள்.

ஆமாம், இல்லை. சாய்கோடு இழுத்த அந்த நொடியில் 3 என்ற எண்ணுக்கு இருந்த தடை காகிதத்திலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் சார்பிலிருந்து மறையவில்லை. கேள்வியில் கொடுத்த வடிவம்தான் சார்பு. நாம் சுருக்கி எழுதிய வடிவம் நம் வசதிக்கு. சுருக்கிய வடிவத்தில் கிடைக்கும் பூச்சியத்தைக்கூட முதலில் போட்ட கட்டத்தோடு ஒத்துப் பார்த்தே ஏற்க வேண்டும். "சுருக்கியபின் மேலே மிஞ்சுவதெல்லாம் பூச்சியம் தரும்" என்று ஒரு குறுக்குவழியைப் பலர் சொல்லித்தருகிறார்கள். முதல் கணக்கில் அது பலிக்கும், இந்தக் கணக்கில் கவிழ்த்துவிடும். சில நேரம் மட்டும் பலிக்கும் வழியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டம் போட அரை நிமிடம்தான் ஆகும்.

மேலே முப்படி வந்தால்

ச(ய) = (ய³ − 2ய² − 5ய + 6) / (ய² − 4)

கட்டம்: 2, −2. மேலே முப்படிக் கோவை இருப்பதால் நேராகப் பிரிக்க வராது. முதலில் ஒரு காரணியை ஊகித்துப் பிடிக்க வேண்டும். ஊகத்துக்கும் ஒழுங்கு உண்டு. கெழுக்கள் முழு எண்களாக இருந்து, முதல் உறுப்பின் கெழு 1 ஆக இருந்தால், கோவையைப் பூச்சியமாக்கும் விகிதமுறு எண் ஏதாவது இருந்தால் அது மாறிலியின் வகுஎண்களில் ஒன்றாகத்தான் இருக்கும். இங்கே மாறிலி 6. ஆகவே 1, 2, 3, 6, அவற்றின் குறை எண்கள் என எட்டு எண்களைச் சோதித்தால் போதும். முதல் கெழு 1 இல்லாமல் 2 ஆக இருந்தால், அந்த எட்டோடு அவற்றின் பாதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனையை எப்போதும் 1 இலிருந்து தொடங்குங்கள். கெழுக்களைக் கூட்டினாலே தெரிந்துவிடும்: 1 − 2 − 5 + 6 = 0. ஆகவே (ய − 1) ஒரு காரணி. பத்தாம் வகுப்பிலோ அதற்கு முன்போ பார்த்த காரணித் தேற்றம் இதுதான். இனி தொகுமுறை வகுத்தல்:

1   −2   −5    6
      1   −1   −6
1   −1   −6    0

முதல் வரிசையில் கெழுக்கள். முதல் 1 ஐ அப்படியே கீழே இறக்குங்கள். அதை 1 ஆல் பெருக்கி −2 இன் கீழே எழுதிக் கூட்டினால் −1. அந்த −1 ஐ மீண்டும் 1 ஆல் பெருக்கி −5 இன் கீழே எழுதிக் கூட்டினால் −6. அதையும் பெருக்கி 6 இன் கீழே எழுதிக் கூட்டினால் 0. கடைசியில் பூச்சியம் வந்தால் வகுத்தல் சரி. மிஞ்சியது ய² − ய − 6 = (ய − 3)(ய + 2).

வேட்பாளர்கள் 1, 3, −2. கட்டத்துக்குள் −2 இருக்கிறது, அது போயிற்று. பூச்சியங்கள் 1, 3. கட்டத்தில் இருக்கும் 2 மேலே வரவே இல்லையே என்று கேட்கலாம். அங்கே மேலே −4 இருக்க, கீழே மட்டும் பூச்சியமாகிறது. வளைகோடு ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் பாதாளத்துக்கும் ஓடுகிறது. அந்த நிலைக்குத்துக் கோட்டைத் தொலைத்தொடுகோடு என்பார்கள். பூச்சியம் தேடும் வேலையில் அதற்குமேல் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இருபடிக் கோவை முழு எண்களில் பிரியாவிட்டால் இருபடிச் சூத்திரம் இருக்கிறது. (ய² − 2ய − 1) / (ய − 1) என்ற சார்பில் சூத்திரம் தரும் விடைகள் 1 + √2, 1 − √2. கட்டத்தில் 1 மட்டும். ஆகவே இரண்டுமே பூச்சியங்கள்.

ஒரு காரணி மேலே இரண்டு முறை வந்து, கீழே வராமல் இருந்தால், எடுத்துக்காட்டாக (ய − 1)² / (ய + 2) என்றால், 1 ஒரு பூச்சியம்தான். வளைகோடு அங்கே அச்சைத் தொட்டுவிட்டு, வந்த பக்கமே திரும்பிவிடும், தாண்டாது.

பூச்சியமே இல்லாத சார்புகள்

5 / (ய − 2) க்குப் பூச்சியம் இல்லை. மேலே 5 எப்போதும் 5 தான். ய = 1002 என்று போட்டால் 0.005 வரும். இன்னும் பெரிய எண் போட்டால் இன்னும் சிறிதாகும். பூச்சியத்தை நெருங்குவது வேறு, பூச்சியமாவது வேறு. கால்குலேட்டரில் 0.000 என்று பார்த்துவிட்டு விடை எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு வகைக்கு நம் பக்கத்து மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவன் 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போகும் முடிவிலாத் தொடர் பை (π) என்ற எண்ணின் கால் பங்கைத் தரும் என்று கண்டவர். அந்தத் தொடர் மிக மெதுவாக நகரும். மூன்று உறுப்புகளோடு நிறுத்தினால் 0.8667, நான்கால் பெருக்கினால் 3.467, பைக்கு வெகு தூரம். எனவே எத்தனை உறுப்புகளில் நிறுத்துகிறோமோ அந்த எண்ணை ய என்று கொண்டு, இறுதியில் ஒரு திருத்தம் சேர்ப்பதோ கழிப்பதோ அந்த மரபின் வழக்கம். மாதவனுடையது என்று சொல்லப்படும் அந்தத் திருத்தங்களில் ஒன்று:

(ய² + 1) / (4ய³ + 5ய)

இது விகிதமுறு சார்பேதான். ய = 3 எனில் 10/123, அதாவது 0.0813. இதை 0.8667 இலிருந்து கழித்து நான்கால் பெருக்கினால் 3.1415. மூன்றே உறுப்புகளில்! முதன்முறை இதைக் கையால் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது நம் ஐந்து படிகளை இதன்மீது வையுங்கள். கீழே ய(4ய² + 5). கட்டத்தில் 0 மட்டும், ஏனென்றால் 4ய² + 5 ஒருபோதும் 5 க்குக் கீழே இறங்காது. மேலே ய² + 1. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது என்பதால் இது 1 க்குக் கீழே இறங்காது. ஆக, மெய்யெண்களில் பூச்சியம் இல்லை. எத்தனை உறுப்புகளில் நிறுத்தினாலும் இந்தத் திருத்தம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்.

கூட்டல் கழித்தலாக வந்தால்

தேர்வில் பின்னங்களைத் தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள். அப்போது முதலில் ஒரே பின்னமாக்க வேண்டும். இதை ஊர்க் கணக்காகவே போடுவோம்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு காலிலேயே தெரியும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் சித்தூர்ப் பக்கம் எதிர்காற்றில் 9 கிலோமீட்டர் போகிறார். இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கம் காற்றோடு 15 கிலோமீட்டர் போகிறார். இருவரும் ஒரே வேகத்தில் மிதிக்கிறார்கள். காற்று ஒருவருக்கு மணிக்கு 3 கிலோமீட்டரைக் குறைக்கிறது, மற்றவருக்கு 3 ஐக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிதிக்கும் வேகம் ய எவ்வளவு இருந்தால் இருவருக்கும் ஒரே நேரம் ஆகும்? நேரங்களின் வித்தியாசம் பூச்சியமாகும் இடத்தைத் தேட வேண்டும்:

ச(ய) = 9 / (ய − 3) − 15 / (ய + 3)

கட்டம்: 3, −3. மீச்சிறு பொது மடங்கு (ய − 3)(ய + 3). மேலே 9(ய + 3) − 15(ய − 3) = 9ய + 27 − 15ய + 45 = 72 − 6ய. கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் −3 ஐயும் மாற்றி +45 ஆக்குகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு குறியில் போகும் மதிப்பெண்கள்தான் அதிகம். 72 − 6ய = 0 எனில் ய = 12. கட்டத்தில் இல்லை. சோதனை: 9/9 = 1 மணி, 15/15 = 1 மணி.

கட்டத்தில் இருக்கும் 3 க்கு இங்கே உயிருள்ள பொருள் இருக்கிறது. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் காற்று அவ்வளவையும் தின்றுவிடும். சித்தூர்ப் பக்கம் போகிறவர் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பார். எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேருவார் என்ற கேள்விக்கு விடை கிடையாது.

இனி நீங்களே போட்டுப் பாருங்கள். கட்டத்தை முதலில் போட்டுவிட்டு மேலே போங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

அ) (ய² − ய − 12) / (ய² − 16)
ஆ) (ய³ − 4ய) / (ய² + 1)
இ) ய / (ய − 2) − 4 / (ய² − 2ய)

முதலாவதில் கட்டம் 4, −4. வேட்பாளர்கள் 4, −3. பூச்சியம் −3 மட்டும். இரண்டாவதில் கட்டம் காலி. 0, 2, −2 மூன்றும் பூச்சியங்கள். மூன்றாவதில் ய² − 2ய = ய(ய − 2) என்று பிரித்தால் கட்டத்தில் 0, 2 வரும். ஒரே பின்னமாக்கினால் மேலே ய² − 4. வேட்பாளர்கள் 2, −2. 2 என்ற எண் கட்டத்துக்குள் இருக்கிறது, அது போயிற்று. −2 ஐ முதல் வரியில் போட்டால் 1/2 − 1/2, அதுவே பூச்சியம்.